நிறுத்தி வைத்த காரை இடித்துவிட்டால்: கைக்காசா, சொந்தக் காப்புறுதியா, இடித்தவரின் காப்புறுதியா?

ஐப்பசி மழை நாளொன்றில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட, பலாலி வீதியோரம் காரை நிறுத்திவிட்டு அம்மாவுக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது, மரக்கறி இறக்கிவிட்டுப் பின்னுக்கு எடுத்த பட்டா என்ற சின்ன லொறி ஒன்று என் வாகன் ஆரின் இடது முன்மூலையில் குத்தியபடி நின்றது. பஃபர் கிழிந்து, ஹெட்லைற் உடைந்து, மட்காட் உள்ளுக்கு மடிந்திருந்தது. ஓட்டி வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. "அக்கா, பொலிசுக்குச் சொல்லாதேங்கோ, பதினைஞ்சாயிரம் இப்பவே தாறன்" என்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது அவருக்கு.

கூடி நின்றவர்கள் மூன்று வழி சொன்னார்கள். காசை வாங்கிக்கொண்டு போங்கோ என்றார் ஒருவர். புல் இன்சூரன்ஸ் (சொந்தக் காரின் சேதத்துக்கும் சேர்த்த முழுக் காப்புறுதி) இருந்தால் உங்கட கம்பனி ஆக்களைக் கூப்பிடுங்கோ என்றார் மருந்துக்கடைக்காரர். இடிச்சவற்ற இன்சூரன்ஸைப் பிடியுங்கோ என்றார் பக்கத்தில் ஓட்டோ வைத்திருக்கும் ஐயா. நான் ஐயா சொன்னதைச் செய்தேன். ஏழு கிழமை இழுபட்டது. இன்னொரு தடவை நடந்தாலும் அதையேதான் செய்வேன். காரணம் 2022இல் நான் செய்த ஒரு பிழை. அதைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப் போகிறேன்.

முதலில் கைக்காசு. இதன் நன்மையை விளக்கத் தேவையில்லை: பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், யாரும் பொலிஸ் நிலையம் போக வேண்டாம். பெயின்ற் மட்டும் உரசுப்பட்டிருந்தால், இடித்தவர் முகம் தெரிந்தவர் என்றால், இது போதும் என்றுதான் நினைக்கிறேன். நான் ஒருநாளும் காசு வாங்கிக் கணக்கை முடித்ததில்லை, அதனால் என் அத்தானுக்குச் சுன்னாகத்தில் நடந்ததை வைத்தே சொல்கிறேன். அவருடைய காரின் பின்பக்கத்தை ஒருவர் இடித்துவிட்டுப் பத்தாயிரம் கொடுத்தார். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். மறுநாள் கராஜில் பஃபரைக் கழற்றினால் உள்ளே டிக்கிப் பனல் வளைந்திருந்தது. தகட்டைத் தட்டி நிமிர்த்தும் ரிங்கர் வேலையும் பெயின்றும் சேர்த்து 45,000 ரூபா. கையெழுத்துப் போட்ட தாள் அத்தானின் கையைக் கட்டிவிட்டது.

இப்போது வரும் கார்களின் பஃபர் வெறும் பிளாஸ்ரிக். இடிபட்டதும் உள்ளே அமுங்கி, பிறகு தானாக வெளியே வந்து பழையபடி நின்றுவிடுவதும் உண்டு. பின்னாலுள்ள கொக்கிகள், இரும்புச் சட்டம், சென்சர் எல்லாம் என்ன கதியில் இருக்கின்றன என்பது கழற்றினால்தான் தெரியும். தெருவில் நின்று விலை பேசும்போது இரு தரப்புக்கும் அது தெரியாது. காசு வாங்குவதாக இருந்தாலும், கராஜ்காரர் ஒருவர் வந்து பார்த்த பிறகு வாங்குங்கள்.

அடுத்தது சொந்தக் காப்புறுதி. புல் இன்சூரன்ஸ் வைத்திருக்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். காப்புறுதிக் கார்டில் உள்ள இலக்கத்துக்கு அடித்தால் சேதத்தை மதிப்பிடும் அசெஸர் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார், படம் எடுப்பார், சிறிய சேதம் என்றால் அந்த இடத்திலேயே தொகையைச் சொல்லிவிடுவார். யாழ்ப்பாணத்துக்குள் அரை மணி, முக்கால் மணிக்குள் வந்துவிடுகிறார்கள். இந்தச் சுலபத்தில்தான் நான் 2022இல் மயங்கினேன்.

அது நல்லூர்த் திருவிழா நேரம். கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளை மறித்துவிடுவார்கள் என்பதால், எல்லாரையும்போல நானும் தள்ளி ஓர் ஒழுங்கையில் மதிலோடு சேர்த்துக் காரை விட்டுவிட்டு நடந்து போனேன். சாமி கும்பிட்டு வந்து பார்த்தால் வலப்பக்க இரண்டு கதவுகளும் நீளத்துக்குக் கீறி உள்வாங்கியிருந்தன. இடித்தவர் இல்லை. அந்த ஒழுங்கையில் கமரா உள்ள வீடும் இல்லை. என் கம்பனிக்கு அடித்தேன், அசெஸர் வந்தார், இனி எல்லாம் சரி என்று நினைத்தேன்.

கராஜ் பில் 60,000 ரூபா. கம்பனி தந்தது 37,000. ஏன் அவ்வளவு குறைந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்றதோடு நாட்டில் உள்ள பழைய கார்களின் விலையெல்லாம் ஏறியது. 2025 மாசியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. என் கார் சந்தையில் 50 லட்சம் போகும் காலத்தில், பொலிசியில் பழைய 35 லட்சமே கிடந்தது. அதை ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. 50க்குக் காப்புறுதி செய்ய வேண்டியதை 35க்குச் செய்திருக்கிறீர்கள், ஆகவே எந்தச் சேதத்திலும் 70 வீதம்தான் எங்கள் பங்கு என்றார்கள். பொலிசியில் அப்படியே எழுதியிருக்கிறது. 60,000இல் 70 வீதம் 42,000. அதில் என் பங்காக நான் பொறுக்க வேண்டிய 5,000 எக்செஸ் கழிந்தது. மீதி 37,000.

அதுகூடப் பரவாயில்லை. உண்மையான அடி தை மாதம் பொலிசியைப் புதுப்பிக்கும்போது விழுந்தது. கிளெய்ம் எதுவும் எடுக்காத வருடங்களுக்காகத் தரும் நோ கிளெய்ம் போனஸ் எனக்கு 40 வீதம் சேர்ந்திருந்தது. என் பொலிசியின் அடிப்படைப் பிரீமியம் சுமார் 90,000. போனஸ் போக நான் கட்டி வந்தது 54,000. ஒரேயொரு கிளெய்முக்குப் பிறகு போனஸ் பூச்சியமாகியது. 2023 தையில் முழு 90,000. அடுத்த வருடம் 20 வீதம், அதற்கடுத்தது 30, பிறகுதான் பழைய 40. பின்னர் காரின் மதிப்பை ஏற்றியதால் கூடிய பிரீமியத்தை விட்டுவிட்டு, பழைய 90,000ஐயே அடியாக வைத்துப் பாருங்கள். 40 வீதத்திலேயே நின்றிருந்தால் கட்டியிருக்கக்கூடியதைவிட முதல் வருடம் 36,000 கூட. இரண்டாம் வருடம் 18,000. மூன்றாம் வருடம் 9,000. மொத்தம் 63,000.

37,000 வாங்குவதற்கு 63,000 கொடுத்திருக்கிறேன். அந்த மூன்று வருடத்தில் என் போனஸ் 40க்கு மேலும் ஏறியிருக்கும், அதையும் சேர்த்தால் இழப்பு ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. கதவு இரண்டையும் என் கைக்காசில் செய்வித்திருந்தால் 60,000ஓடு போயிருக்கும். அசெஸரோ, தொலைபேசியில் பேசிய பிள்ளையோ இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிழை அவர்களுடையது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காரின் பக்கத்தில் நிற்கும் அந்த நேரத்தில் யாராவது சொல்லியிருந்தால் என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது.

போனஸ் ஏறும் படிகளும் கிளெய்முக்குப் பிறகு எவ்வளவு இறங்கும் என்பதும் கம்பனிக்குக் கம்பனி மாறும். போனஸைப் பாதுகாக்க மேலதிகக் கட்டணம் வாங்கும் பொலிசிகளும் உண்டு. அதனால் என் எண்களை அப்படியே எடுக்காமல் உங்களுடைய புதுப்பித்தல் தாளை எடுத்துப் பாருங்கள். அடிப்படைப் பிரீமியமும் போனஸ் வீதமும் அதில் இருக்கும். ஒரு கிளெய்ம் எடுத்தால் அடுத்த மூன்று, நான்கு வருடங்களுக்கு எவ்வளவு கூடும் என்று முகவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். கார் இடிபட்ட பிறகு இந்தக் கணக்குப் போட மனம் வராது. எனக்கு இப்போது ஒரு லட்சம்தான் எல்லை. சேதம் அதற்குக் கீழே என்றால் சொந்தக் காப்புறுதியைத் தொட மாட்டேன். அதற்கு மேலே போனால், அல்லது இடித்தவரின் வாகனத்துக்குச் சரியான காப்புறுதி இல்லையென்றால், கட்டாயம் எடுப்பேன். புல் இன்சூரன்ஸுக்குக் காசு கட்டுவது அதற்குத்தானே.

இனி இடித்தவரின் காப்புறுதி.

அந்தத் தம்பியிடம் நான் முதலில் கேட்டது, "வாகனம் லீசிங்கில எடுத்ததோ?" என்றுதான். ஓம் என்றார். அப்போதே எனக்குப் பாதி நிம்மதி. லீசிங்கில் உள்ள வாகனத்துக்குப் புல் இன்சூரன்ஸ் இல்லாமல் நிதிக் கம்பனிகள் விடமாட்டார்கள். கார்டை வாங்கிப் பார்த்தேன், காலாவதியாகவில்லை. வாகனங்களை அசைக்க விடாமல் நான்கு பக்கமும் படம் எடுத்தேன். அவருடைய சாரதி அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, காப்புறுதிக் கார்ட் மூன்றையும் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு அவருடைய கம்பனிக்கு அவரையே பேச வைத்தேன். இது முக்கியம். "நான் நிறுத்தி வைத்திருந்த காரை இடித்துவிட்டேன்" என்று அவர் வாயால், அவர் தொலைபேசியில் போனதால், பிறகு கதை மாறவில்லை. நிறுத்தி வைத்த கார் என்பது நமக்குள்ள பெரிய பலம். ஓடும் வாகனங்கள் இரண்டு மோதினால் யார் பிழை என்று இழுபடும். வீதியோரம் சும்மா நின்ற காரில் பிழை பிடிப்பது கடினம். ஆனால் நிறுத்தக்கூடாத இடத்தில் விட்டிருந்தால் அந்தப் பலம் குறைந்துவிடும். கஸ்தூரியார் வீதிப் பக்கம் கார் விடுகிறவர்கள் பலகையைப் பார்த்து விடுங்கள்.

என் கம்பனிக்கும் அடித்தேன். கிளெய்முக்கு அல்ல, தகவலுக்கு மட்டும் என்று தெளிவாகச் சொல்லி ஒரு இலக்கம் வாங்கிக்கொண்டேன். மற்றக் கம்பனி கையை விரித்தால் பிறகு என் பக்கம் வரவேண்டி இருக்கும், அப்போது ஏன் உடனே அறிவிக்கவில்லை என்ற கேள்வி எழக்கூடாது. இந்த ஒரு அழைப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பொலிஸ் நிலையம் போனதுதான் அந்தத் தம்பிக்குக் கஷ்டமாக இருந்தது, எனக்கும்தான். இடிபட்டவர் கேட்கும் மூன்றாந்தரப்புக் கோரிக்கைக்கு முறைப்பாட்டுப் பிரதி வேண்டும் என்று அவருடைய கம்பனி சொல்லிவிட்டது, வேறு வழியில்லை. அவர் பிழையை ஒப்புக்கொண்டார். அதன் பிறகு வாகன உரிமையாளரின் கடிதம், கராஜின் எஸ்ரிமேற், வாகனப் புத்தகத்தின் பிரதி, கோரிக்கைப் படிவம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எல்லாத்தையும் முதல் நாளே ஒன்றாகக் கேட்டிருந்தால் நான்கு தடவை போயிருக்க வேண்டியதில்லை. அவர்களின் அசெஸர் ஹெட்லைற்றை மாற்றத் தேவையில்லை, ஒட்டலாம் என்றார். கொக்கி இரண்டு முறிந்திருந்ததைக் கராஜ்காரர் கழற்றிக் காட்டியதும் பழைய ஜப்பான் ஹெட்லைற் ஒன்றுக்குச் சம்மதித்தார். புதுசுதான் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. பில் 96,000. அவர்கள் தந்தது 84,000. மீதி 12,000ஐ நான் போட்டேன். அந்தத் தம்பி நாளாந்தக் கூலிக்கு ஓடுகிறவர், அவரிடம் கேட்க மனம் வரவில்லை.

இந்த வழியின் குறை நேரம்தான். ஏழு கிழமை கார் ஒரு கண்ணோடு நின்றது. இருட்டினால் எடுக்க முடியாது. கொக்குவிலில் இருந்து ரியூசனுக்குப் பிள்ளைகளை ஓட்டோவில் ஏற்றி இறக்கிய காசு என் கணக்கிலேயே போனது. அதைக் கோரலாமா என்று கேட்டபோது ஒருவரும் நேரான பதில் தரவில்லை. அவசரமாகக் கார் வேண்டியவர்கள், வைத்தியசாலைக்கு இரவில் ஓட வேண்டியவர்கள், இந்தக் காத்திருப்பை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அவர்கள் சொந்தக் காப்புறுதிக்குப் போனால் நான் குறை சொல்ல மாட்டேன்.

இடித்த வாகனத்துக்கு மற்றவருக்கு வரும் கேட்டுக்கான வெறும் தேர்ட் பாட்டிக் காப்புறுதி மட்டும் இருந்தால் கதை வேறு. சட்டம் அந்தக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது முக்கியமாக உயிருக்கும் உடலுக்கும் வரும் கேட்டுக்காக. உங்கள் காரின் சேதத்துக்குப் பொலிசியில் எழுதிய எல்லை வரைதான் கிடைக்கும். எனக்கு அந்த அனுபவம் இல்லை. ஆனால் அப்படியான ஒரு நிலையில் நான் இடித்தவரோடு தெருவில் பேரம் பேச மாட்டேன், இணக்க சபை என்று நாங்கள் சொல்லும் மத்தியஸ்த சபைக்குப் போவேன். அங்கே கட்டணம் இல்லை, சட்டத்தரணி வைத்து வாதாடவும் முடியாது. இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசி, தவணை முறையில்கூடக் கொடுக்க இணங்கலாம்.

அந்தத் தம்பிக்காக ஒன்று சொல்ல வேண்டும். பட்டாவின் போனஸ் என் காரால் போய்விட்டது. உரிமையாளர் அவரை வேலையை விட்டு நிறுத்துவாரோ என்று பயந்து, நானே உரிமையாளரோடு பேசினேன். ஓடவில்லை, ஒளிக்கவில்லை, கேட்ட இடமெல்லாம் வந்து கையெழுத்துப் போட்டார் என்று சொன்னேன். நல்லூரில் என் கதவைக் கீறிவிட்டுப் போனவர் இவரைப்போல நின்றிருந்தால், அந்த மூன்று வருடக் காசு எனக்குப் போயிருக்காது. அவர் இன்னும் அதே பட்டாவைத்தான் ஓட்டுகிறார், சந்தையடியில் காண்கிறேன்.

இந்தத் தையில் வந்த புதுப்பித்தல் தாளில் போனஸ் 40 வீதம் என்று இருந்தது.