பின் இருக்கையிலிருந்து ஒரு வண்டி விமர்சனம்

வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள். பிக்கப், கியர், மைலேஜ் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். பின்னால் உட்காருகிறவருக்கு அரை வரி கிடைத்தால் பெரிது. என் கணவர் ஓட்டும் 125 சிசி வண்டியின் பின் இருக்கையில் சில வருடங்களாகக் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள பழைய ஊர்களுக்கெல்லாம் போய்வருகிறேன். ஓடோமீட்டர் முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்த உரிமையில் எழுதுகிறேன். கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அலுவலகம் போகிறவர்கள் வாங்கும் இந்த ரக வண்டிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவைதான்.

இதை வாங்கச் சொன்னதே நான்தான். அவர் மனதில் இருந்தது 350 சிசி வண்டி. கடையில் அதன்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். முன்னால் அகலமான மெத்தை, பின்னால் தனியாகத் தூக்கிவைத்த ஒரு துண்டு. "உங்களுக்குச் சோபா, எனக்கு முக்காலியா?" என்று கேட்டேன். பேச்சு அத்தோடு முடிந்தது. இந்த வண்டியின் இருக்கை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நீளமாக ஓடுகிறது. இருவருக்கும் நடுவில் ஒரு துணிப்பை வைக்கலாம். முக்கியமாக, பிரேக் போடும்போது என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் போய் இடிப்பதில்லை. பின்னால் உட்காருகிறவரும் ஹெல்மெட் போடவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அப்படிப் போட்டுக்கொண்டு குட்டை இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இந்த 'டக் டக்' எவ்வளவு எரிச்சல் என்று தெரியும்.

பின்பக்கக் கைப்பிடி இரும்புக் கம்பி. கையுறை இல்லாமல் பிடித்தால் வெயிலில் சுடும், மழையில் வழுக்கும். கால்மிதி சரியான உயரத்தில் இருக்கிறது, முழங்கால் மடங்கி வலிப்பதில்லை. புடவை கட்டினால் ஒரு பக்கமாகத்தான் உட்கார முடியும். அதற்கென்று இடப்பக்கத்தில் தடுப்புக் கம்பியும் கால் வைக்கத் தகடும் இருக்கின்றன. சக்கரத்தை மறைக்கும் அந்தத் தடுப்பும் பின் கைப்பிடியும் மோட்டார் வாகன விதிகளின்படி இருந்தே ஆகவேண்டியவை. அழகு கெடுகிறது என்று வாங்கிய மறுநாளே அதைக் கழற்றிப் போடும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளூருக்குள் என்றால் ஒரு பக்கமாக உட்காரலாம். இருபது கிலோமீட்டருக்கு மேல் போனால் சுடிதார் போட்டு இரண்டு பக்கமும் கால்போட்டுத்தான் உட்காருகிறேன். இடுப்பு அதற்கு நன்றி சொல்கிறது.

நாங்கள் அதிகம் சுற்றுவது புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி மழை வலுக்கும்வரை. வெயில் தணிந்திருக்கும், வாய்க்கால்களில் தண்ணீர் ஓடும், ஒரு பக்கம் சம்பா நடவு, மறுபக்கம் குறுவை அறுவடை. பார்க்க நன்றாக இருக்கும் இந்தப் பருவம்தான் வண்டிக்குச் சோதனையும். சாலையில் பாதி நெல்லுக்குச் சொந்தம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். அறுத்த நெல்லை அந்த அளவுக்குக் காயவைக்கத் தார்ச்சாலையைவிட்டால் விவசாயிக்கு வேறு களம் ஏது? அதனால் குறை சொல்ல வாய் வருவதில்லை. ஆனால் சிந்திய நெல்மணிமேல் சக்கரம் ஏறினால் டயர் உருண்டு போகும். அங்கே முன் பிரேக்கைத் தொடவே கூடாது. 125 சிசி வரையிலான வண்டிகளில் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயமாக்கப்பட்ட இணைப்பு பிரேக், கால் பிரேக்கை மிதிக்கும்போது முன்சக்கரத்தையும் கொஞ்சம் பிடிக்கிறது. சாதாரணச் சாலையில் அது பெரிய துணை. நெல்மேல் மட்டும் பிரேக்கை நம்பாமல், தூரத்திலேயே கியரைக் குறைத்து ஊர்ந்து போகிறார். வண்டி எடை குறைவு என்பதால் காலூன்றித் தாங்கிக்கொள்ள முடிகிறது. இருநூறு கிலோவுக்குக் குறையாத வண்டியில் நானும் பின்னால் இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க விருப்பமில்லை.

இந்த எடைக்குறைவின் அருமை திருப்புறம்பியம் போனபோது இன்னும் தெரிந்தது. சுமார் 880-இல் பல்லவர்களும் பாண்டியர்களும் மோதிய போர்க்களம் அது. சோழன் ஆதித்தன் பல்லவர் பக்கம் நின்றான். அந்த வெற்றிக்குப் பிறகுதான் சோழர் கை ஓங்கியது. போரில் இறந்த கங்க மன்னன் பிருதிவிபதியின் பள்ளிப்படை, அதாவது சமாதிமேல் எழுப்பிய கோயில், என்று ஊர்க்காரர்கள் காட்டும் சிறு கோயிலைத் தேடி வாய்க்கால் கரையில் போனோம். எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர். கரையின் அகலமே அவ்வளவுதான். நான் இறங்கிக்கொள்ள, வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னுக்கு வந்து ஒரு களத்தில் ஒதுங்கினார். காரில் போயிருந்தால் அந்த டிராக்டர்காரரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டிருப்போம்.

தாராசுரத்துக்கு வண்டியே அதிகம், ஊரை ஒட்டியே இருக்கிறது. அங்கே ஒரே ஒரு குறிப்பு. இரண்டாம் ராஜராஜன் கட்டிய அந்தக் கோயில் சுற்றுத் தரைமட்டத்தைவிடத் தாழ்வாக இருப்பதால், பெருமழைக்கு மறுநாள் முன்புறம் தண்ணீர் தேங்கி நிற்கும். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகளைக் கையகல அளவில் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்தும் உட்கார்ந்தும்தான் அவற்றைப் பார்க்கவேண்டும், ஈரத்தில் அது நடக்காது. இரண்டு நாள் வெயிலடித்த பிறகு போங்கள்.

எங்களுக்குப் பிடித்த வழி கங்கைகொண்ட சோழபுரம். கும்பகோணத்திலிருந்து சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். போய்வர ஒன்றே கால் லிட்டர் பெட்ரோல் போதும், இருவர் உட்கார்ந்து இதமாக ஓட்டினால் ஐம்பத்தைந்துக்குக் குறையாமல் கொடுக்கிறது. வழியில் அணைக்கரை. கொள்ளிடத்தின் குறுக்கே 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கட்டிய கீழணையின் குறுகலான பாலத்தில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நின்று நின்று போகவேண்டும். கிளட்ச் பிடித்தே அவருக்குக் கை வலிக்கும். பின்னால் இருக்கும் எனக்கு ஆறு பார்க்கும் நேரம். அந்த அணையைக் கட்டுவதற்காகக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலை இடித்துக் கற்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ராஜேந்திரன் எழுப்பிய மதிலின் ஒரு பகுதியைச் சக்கரத்துக்கு அடியில் விட்டுவிட்டுத்தான் அவன் கோயிலைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னேன். "அப்படியானால் சேதாரம் இல்லாமல் மெதுவாகப் போகிறேன்" என்றார்.

தஞ்சை விமானம் நேராக நிமிர்ந்து ஏறும். இங்கே உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. வடக்கு வாசல் அருகே சிவன் சண்டேசர் தலையில் பூமாலை சுற்றிவிடும் சிற்பத்தின் முன் நான் எவ்வளவு நேரம் நின்றாலும் என் கணவர் அவசரப்படுத்துவதில்லை. வண்டியில் வந்த அலுப்பு அவருக்கும் இருக்குமே. மதியம் சன்னதி சாத்திவிடுவார்கள். காலை ஆறரைக்குக் கிளம்பினால்தான் நிதானமாகப் பார்க்கலாம். ஐப்பசிப் பௌர்ணமியில் பெரிய லிங்கத்துக்கு அன்னாபிஷேகம், அன்று வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

மாலையில் திரும்புவதுதான் இந்த வண்டியின் பலவீனத்தைக் காட்டும். முகப்பு விளக்கு ஊருக்குள் போதும், இருட்டு வயல்வெளிக்குப் போதாது. போதாக்குறைக்கு ஐப்பசியில் விளக்கைத் தேடிக் கூட்டம் கூட்டமாக வரும் பச்சைத் தத்துப்பூச்சிகள். முன்னால் இருப்பவரின் ஹெல்மெட் கண்ணாடியில் அப்பியது போக மிச்சம் எனக்கு. கண்ணாடியை இறக்கினால் மூச்சுப் பனி படிகிறது, ஏற்றினால் பூச்சி. ஐந்து மணிக்குமேல் எந்த ஊரிலும் தங்குவதில்லை என்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்.

மழைக்கு, தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் ஒற்றை அங்கி பின்னால் உட்காருகிறவருக்கு ஆகவே ஆகாது. காற்றில் உப்பிச் சக்கரத்தை நோக்கிப் பறக்கும். மேலும் கீழும் தனித்தனியாக இருக்கும் மழைக்கோட்டுதான் சரி.

பராமரிப்பில் தலைவலி செயின்தான். சேற்றுத் தண்ணீர் பட்ட ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் துடைத்து எண்ணெய் விடாவிட்டால் மறுநாளே சத்தம் போடும். வாரண்டி முடியும்வரை ஒரு சர்வீஸ் மையத்தில் விட்டோம். கழுவித் துடைத்துப் பளபளவென்று கொடுப்பார்கள், செயின் மட்டும் போனபடியே தொங்கிக்கொண்டு திரும்பும். இப்போது தெருமுனை மெக்கானிக்கிடம்தான் கொடுக்கிறோம். பின் டயரை ஒருமுறை மாற்றினோம். பின் ஷாக் அப்சார்பரை இருவர் எடைக்கு ஏற்ப ஒரு படி இறுக்கி வைக்கச் சொன்னதில், வேகத்தடையில் முதுகெலும்பு வரை ஏறிய அதிர்ச்சி குறைந்தது. இதை வாங்கிய அன்றே செய்துகொள்ளலாம், காசு ஆகாது.

அறுபது கிலோமீட்டர்வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. தரங்கம்பாடி போனபோதுதான் எல்லை தெரிந்தது. மயிலாடுதுறையில் துலா நீராட வந்த கூட்டத்தைக் கடந்து போய்ச்சேர்ந்து, டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையின் முன் இறங்கியபோது எனக்குக் கால் மரத்திருந்தது. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் கப்பலில் வந்து இறங்கிய கரை அது. அவர் மாதக்கணக்கில் கடலில் வந்தவர், இரண்டு மணி நேரத்துக்கு இந்தப் புலம்பலா என்று என் கணவர் கேட்டார். பதில் சொல்லாமல் கடற்கரை மணலில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

இருக்கையின் ஸ்பான்ஜ் அமுங்கிவிட்டது. கொஞ்சம் கெட்டியானதாக மாற்றி, அரை அங்குலம் கூட்டித் தைக்கச் சொல்லலாம் என்கிறார் அவர். அரை அங்குலம் ஏறினால் என் கால் கால்மிதியில் முழுதாகப் பதியுமா என்பதுதான் இப்போது வீட்டில் நடக்கும் வழக்கு.