ஆக்டின் ஆன்டிபாடி: சுண்டெலியா முயலா?

வெஸ்டர்ன் பிளாட்ல (புரோட்டீன்கள ஜெல்லுல எடை வாரியா பிரிச்சு, ஆன்டிபாடி போட்டுப் பாக்குற சோதனை) எல்லாக் குழியிலயும் ஒரே அளவு போட்டிருக்கோமான்னு சரிபாக்க ஆக்டின்ங்கிற புரோட்டீனப் பாப்போம், அதான் லோடிங் கன்ட்ரோல். அதுக்கு ஏசி-15 ஆன்டிபாடி வாங்கலாமா 13இ5 வாங்கலாமான்னு லேப்ல புதுசா சேர்ற பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் ஒரேடியா எழுதிடுறேன். ரெண்டுமே மோனோக்ளோனல் (ஒரே குளோன்ல இருந்து வர்ற ஆன்டிபாடி), ரெண்டுக்கும் பீட்டா ஆக்டின் பேண்ட் (படத்துல தெரியுற கோடு) 42 கிலோ டால்டன் (புரோட்டீன் எடைக்கான அளவு) கிட்டதான் வரும். முன்னது சுண்டெலியில செஞ்சது, பின்னது முயல்ல.

மனுச செல் லைன் மட்டும் ஓட்டுறீங்கன்னா ஏசி-15 தாராளமா போதும் லா. ஆக்டின்லயே பீட்டா, காமான்னு ரகம் இருக்கு. பீட்டாவுக்கும் காமாவுக்கும் 375 அமினோ அமிலத்துல நாலே நாலுதான் வித்தியாசம், அதுவும் முன் நுனியில, ஏசி-15 அந்த நுனியப் புடிச்சு பீட்டாவ மட்டும் காட்டும். முயல் காமாவையும் சேத்துப் புடிக்கலாம்னு டேட்டாஷீட்லயே போட்டிருக்கு. லோடிங் கன்ட்ரோலுக்கு அது ஒரு விஷயமே இல்ல.

வம்பு எங்கன்னா எங்கள மாதிரி சுண்டெலி ஈரல், கிட்னி ஓட்டுறவங்களுக்குத்தான். ஏசி-15 போட்டா ஆன்டி-மவுஸ் செகண்டரி (சுண்டெலி ஆன்டிபாடியப் புடிச்சு பேண்டக் காட்டுற ரெண்டாவது ஆன்டிபாடி) போடணும், அது அந்த திசுவுல தங்கியிருக்கிற ரத்தத்தோட ஐஜிஜியையும் (சுண்டெலியோட சொந்த ஆன்டிபாடி) போய் புடிச்சிக்கிட்டு 50 கிட்ட ஒண்ணு 25 கிட்ட ஒண்ணுன்னு பேண்ட் காட்டும், மொத தடவ பாத்தப்ப நான் ஏதோ புது புரோட்டீன கண்டுபுடிச்சிட்டேன்னு சந்தோசப்பட்டது தனிக் கத. சரி ஆக்டின விட்டுட்டு டியூபுலினுக்கு (லோடிங் கன்ட்ரோலா பாக்குற இன்னொரு புரோட்டீன்) மாறிடலாம்னு அதோட ஆன்டிபாடி டிஎம்1ஏ வாங்கினா அதுவும் சுண்டெலிதான், டியூபுலினும் அந்த 50 கிட்டயேதான் வந்து நிக்கும், எது டியூபுலின் எது ஐஜிஜின்னு சாமிக்குத்தான் வெளிச்சம். அதனால திசுவுக்கு என் ஓட்டு முயலுக்கு.

இன்னொரு காரணம் நம்ம ஊரு. மலேசியாவுல கெடா மாநிலத்துல பீடோங் தாண்டி செம்பனைத் தோட்டத்துக்குள்ள இருக்கு லேப், கெடாவுல வெள்ளி சனி லீவு, கேஎல் (கோலாலம்பூர்) சப்ளையருக்கு சனி ஞாயிறு. ஒரு தடவ வியாழக்கெழம அனுப்பிட்டாங்க, ஞாயித்துக்கெழம செக்யூரிட்டி கார்டு அண்ணன் பெட்டிய நீட்டுறாரு, உள்ள ஐஸ்பேக் தண்ணியா குலுங்குது. நல்லவேள அது முயல், பாதிக்குப் பாதி கிளிசரால், மைனஸ் 20லயே உறையாது, பிரிச்சு பிரிச்சு வைக்கவும் வேணாம். அத ஓட்டிப் பாத்தேன், பேண்ட் பளிச்சுன்னு வந்துச்சு. எங்ககிட்ட இருந்த ஏசி-15 அசைட்டிஸ் (சுண்டெலி வயித்து நீர்ல இருந்து எடுத்த ரகம்), மழக்காலத்துல கரண்ட் போய்ப் போய் உறைஞ்சு உருகி, கடைசியில பாதி பலம்கூட இல்ல.

தொடைச் சதைய ஓட்டுறவங்க ரெண்டையும் நம்பாதீங்க, அங்க இருக்கிறது பெரும்பாலும் ஆல்பா ஆக்டின், இதுங்க ரெண்டும் அத கண்டுக்காது. அப்புறம் எத வாங்குனாலும் குழிக்கு 30 மைக்ரோகிராம் புரோட்டீன் கொட்டாதீங்க பா, பேண்ட் கட்டியா கறுத்துரும், கூடக் கொறையவே தெரியாது. நான் இப்ப 10தான் போடுறேன்.