முருகன்குறிச்சி மாடிக் கடை: லேப்டாப்பின் ஏழரையை எடுத்துவிட்டார்கள்

ஐந்துக்கு நாலு ஸ்டார். ஒன்றைக் குறைத்தது காக்க வைத்ததற்கு.

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே நியூயார்க் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். டிசம்பரில் வேறொரு கடையில், அமெரிக்காவிலிருந்து வந்த பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். மார்ச் வரை ஒழுங்காக ஓடியது. மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், 2007-லிருந்து இதுதான் வழக்கம், அதனால் இரவு எட்டரை மீட்டிங் எனக்கு ஏழரைக்கு வந்துவிடும், அதெல்லாம் தெரிந்ததுதான். திங்கட்கிழமை லேப்டாப்பில் ஏழரை பார்த்து உட்கார்ந்தால் ஒருத்தரையும் காணோம். "இப்பதான் விளக்கே ஏத்துதேன், அதுக்குள்ள என்ன மீட்டிங்கு?" என்று அம்மா கேட்டதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறரை!

விற்ற கடைக்குப் போன் செய்தால், உள்ளே கடிகாரத்தை ஓட்டும் போர்டு பேட்டரி போயிருக்கும், மாற்ற 600 ரூபாய் என்றார்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இந்த மாடி ரிப்பேர் கடைக்குப் போனேன், அண்ணாச்சி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "பேட்டரி போச்சுன்னா தேதியே பழசுக்குப் போயிரும் தம்பி, கணக்கா ஒரு மணி நேரம் மட்டும் தள்ளாது." செட்டிங்ஸைத் திறந்தால், நேர மண்டலம் இன்னும் நியூயார்க்கிலேயே நிற்கிறது. விற்றவர்கள் தானாக நேரம் எடுப்பதை அணைத்துவிட்டு, முள்ளை மட்டும் கையால் நம்ம ஊர் நேரத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். விண்டோஸ் பாவம், தான் நியூயார்க்கில் இருப்பதாக நம்பி அந்த ஞாயிற்றுக்கிழமை தன் கடமையைச் செய்திருக்கிறது. தண்டர்பேர்டில் நான் அனுப்பிய மெயிலெல்லாம் இனி பத்தரை மணி நேரம் கழித்து வரப்போகும் நேரத்தைப் போட்டுக்கொண்டு போன மர்மமும் அப்போதுதான் புரிந்தது.

சென்னை, கொல்கத்தா என்று இருக்கும் +5:30-ஐ வைத்தார், தானியங்கி நேரத்தைப் போட்டார், மார்ச்சில் ஒரு மணி நேரம் தள்ளும் அந்தக் கோடை நேர பொத்தான் தானே மங்கிப்போனது, இந்தியாவுக்கு அந்த விதியே கிடையாதே. கேட்காமலேயே நியூயார்க்குக்கு இரண்டாவது கடிகாரம் ஒன்றும் சேர்த்துக் கொடுத்தார். எல்லாம் பத்து நிமிஷம், 100 ரூபாய்.

ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வேண்டியிருந்தது. முன்னால் இருந்த கல்லூரிப் பையன் விண்டோஸும், அது மாதிரி இன்னொரு இயங்குதளமான உபுண்டுவும் ஒரே லேப்டாப்பில் போட்டு, மாறி மாறித் திறக்கும்போதெல்லாம் ஐந்தரை மணி நேரம் பிசகுகிறது என்று வந்திருந்தான், போர்டு கடிகாரத்தை ஒன்று உலகப் பொது நேரமாகவும் மற்றது உள்ளூர் நேரமாகவும் படிப்பதால் வரும் சண்டையாம். அவனுக்கு ஒரே ஒரு வரி கட்டளைதான் அடித்தார், மீதி நேரமெல்லாம் விளக்கம்.

மதியம் ஒன்றரைக்கு மேல் போகாதீர்கள். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத் திறப்பதாகக் கதவில் எழுதியிருக்கும், நாலாகும்.