ஜோதியா, உமாவா? புகையானுக்கு முன்னால் இரண்டு நெல் ரகங்கள்

"புகையானே வராத ரகம்" என்று விதை விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். நெல் தண்டில் சாறு குடிக்கும் பழுப்புத் தத்துப்பூச்சிதான் புகையான், எல்லா ரகத்துக்கும் அது வரும். வந்தபின் எத்தனை குஞ்சு பொரிக்கிறது, பயிர் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறது என்பதில்தான் வித்தியாசம். பாலக்காடு சித்தூர்ப் பக்கம், ஆளியாற்றுத் தண்ணீரில் பல வருடமாக ஜோதியும் உமாவும் போட்டுப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஜோதி 1974-இல் பட்டாம்பி நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகம். இத்தனை வருடமாகியும் இந்தப் பக்கத்தை விட்டுப் போகவில்லை. நீளமான சிவப்பு மணி, 'மட்ட' என்று கேரளத்தில் சொல்லும் சிவப்பு அரிசிக்கு எடுப்பானது, வியாபாரி மறுபேச்சு இல்லாமல் எடுப்பார். நாலு மாதத்துக்குள் அறுப்பு. புகையானை ஓரளவு தாங்கும் என்பார்கள். அந்த 'ஓரளவு' என்பதை வரம்பில் நின்று பார்த்தால் தெரியாது. முண்டகன் என்னும் இரண்டாம் போகத்தில் மேகமூட்டம், அடர்த்தியான நடவு, கொஞ்சம் கூடுதல் யூரியா, இந்த மூன்றும் சேர்ந்தால் பால் பிடிக்கும் நேரத்தில் வயல் நடுவே வட்டம் வட்டமாகக் கருகிவிடும்.

உமா 1998-இல் மங்கொம்பு நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. குட்டை, சாயாது, புகையானோடு ஆனைக்கொம்பன் ஈக்கும் எதிர்ப்பு உண்டு. அடுத்தடுத்த வயலில் ஒரே நாள் இரண்டு ரகத்திலும் தூரை விலக்கித் தட்டிப் பாருங்கள். ஜோதியில் பழுப்புக் குஞ்சுகள் பொலபொலவென்று தண்ணீரில் உதிர்ந்து, பக்கவாட்டில் நழுவித் திரும்பவும் தண்டில் ஏறும். தண்டு கையில் பிசுபிசுக்கும். உமாவில் இறக்கை முளைத்த பெரிய பூச்சி ஒன்றிரண்டு இருக்கும், குஞ்சு குறைவு, பிசுபிசுப்பும் குறைவு.

அதற்குக் காரணம் இருக்கிறது. புகையான் ஊசி வாயைச் சாறு ஓடும் குழாய்க்குள் செருகி உட்கார்ந்து குடிக்கும் பூச்சி. எதிர்ப்பு உள்ள ரகத்தில் அதனால் தொடர்ந்து உறிஞ்ச முடியாது. எடுத்து எடுத்துக் குத்தும், பட்டினியில் முட்டை குறையும், குஞ்சு வளர நாளாகும். குடித்தது குறைந்தால் கழிக்கும் தேன் போன்ற கழிவும் குறையும். ஆராய்ச்சிக்காரர்களும் அந்தக் கழிவை அளந்துதான் ரகத்தின் எதிர்ப்பை எடைபோடுகிறார்கள்.

இதில் நமக்குப் பெருமையான சங்கதி ஒன்று. உலகம் முழுக்கப் புகையான் எதிர்ப்புக்குத் தாயாக எடுக்கப்பட்ட நெல்களில் பிடிபி 33 முக்கியமானது. அது இதே பாலக்காட்டுப் பட்டாம்பியில் தேர்ந்த நாட்டு ரகம்.

ஆனால் எதிர்ப்பு நிரந்தரம் கிடையாது. 1973-இல் பிலிப்பைன்ஸில் ஒற்றை மரபணுவை நம்பி ஐஆர் 26 வெளிவந்தது. ஊரெல்லாம் அதையே நட்டார்கள், சில வருடத்தில் பூச்சி பழகிக்கொண்டது. ஏலா முழுக்க, அதாவது ஒரு வயல்வெளி முழுக்க, உமா மட்டும் போடச் சொன்னால் நான் தயங்குவது இதனால்தான்.

மருந்து விஷயம். பக்கத்து வயலில் கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் பைரித்ராய்டு வகை மருந்து அடித்தார்கள். புகையானைத் தின்னும் சிலந்தி செத்தது, புகையான் முன்னைவிடப் பெருகியது. தூருக்கு ஒரு சிலந்தி கண்ணில் பட்டால் சிம்புக்கு, அதாவது தூரிலுள்ள ஒவ்வொரு தண்டுக்கும், இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம், சிலந்தி இல்லாவிட்டால் ஒன்றிலேயே உஷாராக வேண்டும் என்பது வேளாண் துறை சொல்லும் கணக்கு. பூச்சி அந்தக் கணக்கைத் தாண்டினால் நான் முதலில் தண்ணீரை வடிப்பேன், மருந்து அப்புறம்தான்.

உமாவிலும் குறை உண்டு. இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குருத்துப்பூச்சிக்கும் இந்த எதிர்ப்பு உதவாது. அறுத்த நெல்லுக்கு மூன்று வாரம் வரை உறக்கம் இருப்பதால் உடனே விதைக்கு எடுக்க முடியாது. மழையில் அறுப்பு மாட்டினால் கதிரிலேயே முளைக்காமல் இருப்பதும் அதே உறக்கத்தால்தான், அதனால் நான் குறையாக எண்ணுவதில்லை.

இப்போது தண்ணீர் தேங்கும் தாழ்ந்த வயலில் உமா, காற்றோட்டமான மேட்டு வயலில் ஜோதி. இரண்டிலும் எட்டடிக்கு ஓரடி வெற்றிடம் (பட்டம்) விட்டு நடவு. நடவு ஆட்கள் முணுமுணுப்பார்கள், விட்டுவிடாதீர்கள்.