எசிடலோபிராமுடன் எந்த அமிலக் குறைப்பு மாத்திரை: சில ஆண்டுப் பயன்பாட்டில் கண்டது

பதற்ற நோய்க்காகப் பல ஆண்டுகளாக, மனச்சோர்வுக்கும் தரப்படும் எசிடலோபிராம் 10 மி.கி. எடுத்துவருகிறேன். முதல் சில வாரங்களின் குமட்டல் அடங்கியபின் குறைசொல்ல எதுவும் இருக்கவில்லை. பின்னர் நெஞ்செரிச்சலுக்காக வேறொரு மருத்துவர் ஒமிப்ரசோல் என்ற அமிலக் குறைப்பு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். எரிச்சல் நின்றது, ஆனால் பகலில் தூக்கக் கலக்கமும், இரவில் வியர்வையும், விரல்களில் லேசான நடுக்கமும் மெல்லத் தலைகாட்டின. இரண்டு மருந்துச் சீட்டுகளையும் சேர்த்துப் பார்த்த மனநல மருத்துவர்தான் காரணத்தை விளக்கினார்.

எசிடலோபிராமைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளில் முக்கியமானது சிஒய்பி2சி19. ஒமிப்ரசோலும் அதன் நெருங்கிய உறவான எசோமிப்ரசோலும் அந்த நொதியின் வேலையைத் தடுப்பதால், மாத்திரையின் அளவு மாறாமலேயே இரத்தத்தில் அதன் செறிவு உயர்கிறது. தினமும் 30 மி.கி. ஒமிப்ரசோல் சேர்ந்தால் இவ்வுயர்வு ஏறத்தாழ 50 சதவீதம் எனவும், பழைய அமிலக் குறைப்பு மருந்தான சிமெடிடினுடன் ஏறத்தாழ 70 சதவீதம் எனவும் எசிடலோபிராமின் மருந்துக் குறிப்பேடே கூறுகிறது. பிறவியிலேயே இந்நொதி மந்தமாக உள்ளவர்கள் ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடையே அதிகம் என்பதால், இது நமக்குச் சற்றுக் கூடுதலாகவே பொருந்தும். செறிவு மிகுந்தால் க்யூடி இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீள எடுக்கும் நேரம், நீண்டு துடிப்பின் சீர் கெடக்கூடும். எசிடலோபிராமின் மூல மருந்தான சிட்டலோபிராமை இந்நொதியைத் தடுக்கும் மருந்துகளுடன் எடுப்போர் நாளொன்றுக்கு 20 மி.கி.யைத் தாண்டக் கூடாதென 2012இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அறிவுறுத்தியதற்கும் இதுவே காரணம்.

எனக்கு எடுத்த இசிஜி இயல்பாக இருந்தது. எசிடலோபிராமின் அளவைத் தொடாமல், ஒமிப்ரசோலுக்குப் பதிலாக, அந்நொதியை மிகக் குறைவாகவே பாதிக்கும் பான்டோப்ரசோலை மருத்துவர் தந்தார். சில வாரங்களில் கலக்கமும் நடுக்கமும் விலகின. வியர்வை மட்டும் ஓரளவு எஞ்சியிருக்கிறது. அது எசிடலோபிராமின் சொந்தக் குணமாகவும் இருக்கலாம். எரிச்சலைக் கட்டுப்படுத்துவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாட்டை நான் உணரவில்லை.

இதனால் அமிலக் குறைப்பு மாத்திரையே கூடாது என்றாகிவிடாது. இவ்வகை மனச்சோர்வு மருந்துகள் வயிற்றில் இரத்தக் கசிவுக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணி சேர்ந்தால் அது மேலும் கூடும் என்பதால், பாதுகாப்புக்கென்றே அமிலக் குறைப்பு மருந்தைச் சேர்த்து எழுதும் மருத்துவர்களும் உண்டு. மருந்துக் கடையில் ‘கேஸ் மாத்திரை’ என்று கேட்டால் இவற்றில் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது என்பதால், நான் பெயரைச் சொல்லியே வாங்குகிறேன். பான்டோப்ரசோலும் நெடுங்காலப் பயன்பாட்டில் மக்னீசியத்தையும் பி12 வைட்டமினையும் குறைக்கக்கூடும். மக்னீசியக் குறைவு க்யூடி இடைவெளியையும் நீட்டக்கூடியது என்பதால், அவ்விரண்டையும் அவ்வப்போது பரிசோதித்துக்கொள்கிறேன்.