வேலோடு நின்றுவிடும் காவடிச் சுற்றுலா

மொரீஷியஸின் வடக்குக் கடற்கரை ஹோட்டல்களில் தைப்பூசத்தை ஒட்டி விற்கப்படும் அரைநாள் சுற்றுலா இது. ஏ.சி. வேன், பிரெஞ்சு பேசும் வழிகாட்டி, தண்ணீர் பாட்டில், கூடவே ஒரு வண்ணக் கையேடு. வேன் நேரத்துக்கு வந்துவிடுகிறது. ஓட்டுநரும் பொறுமைசாலி. கோளாறு நேர அட்டவணையில்தான்.

காலையில் ஆற்றங்கரையில் இறக்கிவிடுகிறார்கள். அலகு குத்துவதை நாற்பது நிமிடம் பார்க்கலாம். ஊர்வலம் கிளம்பியதும் பயணிகளை வேனில் ஏற்றி, சாப்பாட்டுக்கு ஹோட்டலுக்கே திருப்பி அழைத்துப் போகிறார்கள். கன்னத்தில் வேல், முதுகில் எலுமிச்சம்பழம், அவ்வளவுதான் கண்ணில் படும். அதற்கேற்ப, கையேடும் 'வலி அறியாத மனிதர்கள்', 'காலம் தொடாத சடங்கு' என்று அளந்துவிடுகிறது. காலம் தொடாததாம்! வேல் குத்தியவர் மறுநாள் வங்கியில் உட்கார்ந்து இதே பயணிக்குப் பணம் மாற்றித் தரலாம். தரும் ரூபாய் நோட்டிலும் தமிழ் இருக்கும். 1998-இல் வழக்கமான வரிசையை மாற்றி, இந்திக்கு அடுத்ததாகத் தமிழை அச்சிட்ட நோட்டுகளை, தமிழர்கள் கொதித்தெழுந்ததும் திரும்பப் பெற்ற நாடு இது. தைப்பூசத்துக்கு அரசு விடுமுறையும் உண்டு. இதெல்லாம் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

உண்மையான பதைப்பு பால் செம்பில் இருக்கிறது. கொடியேறியதிலிருந்து பத்து நாள் மச்சம், மாமிசம், மது எதுவும் தொடாமல் விரதம். காவடியின் இரு முனையிலும் பால் செம்பு கட்டியிருக்கும். இங்கே ஜனவரியும் பிப்ரவரியும் கொளுத்தும் கோடை. அந்த வெயிலில் வெறுங்காலோடு கோவில் வரை நடந்து, சந்நிதியில் செம்பைத் திறக்கும்போது பால் திரியாமல் இருக்க வேண்டும். விரதம் சுத்தமாக இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி என்பார்கள். வீட்டார் எல்லோரும் எட்டி எட்டிச் செம்பைத்தான் பார்ப்பார்கள். சுற்றுலாக்காரர்கள் அப்போது ஹோட்டலில் சாலட் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

காசு கொடுக்காமலே முழுதாகப் பார்க்க வழி உண்டு. காத்ர் போர்ன் நகரில், கோர் தெ கார்த் மலைச் சரிவிலுள்ள முருகன் கோவிலுக்குப் போங்கள். ஆற்றங்கரையை விட்டுவிட்டு, பால் வந்து சேரும் கோவிலிலேயே இடம் பிடியுங்கள். செருப்பை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். தார் சுடும், ஓர நிழலில் நில்லுங்கள். காவடிக்குக் குறுக்கே போகாதீர்கள். அலகு குத்தியவர் முகத்தருகே கேமராவை நீட்டாதீர்கள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினால் வேல் இழுத்துப் புண்ணாகிவிடும். பூசை முடிந்து வாழையிலையில் ஏழு கறி பரிமாறும்போது கூப்பிட்டால் தயங்காமல் பந்தியில் உட்காருங்கள்.