வடக்கு கத்தார் அரை நாள் டூர்: கேமராவோடு போகிறவர்களுக்கு ஒத்துவருமா?

தோஹாவில் எந்த டூர் கம்பெனியைக் கேட்டாலும் ‘நார்த் கத்தார்’ என்று ஒரு அரை நாள் பேக்கேஜ் வைத்திருப்பார்கள். காலை எட்டு மணிக்கு வந்து ஏற்றிக்கொண்டு, அல் கோர் துறைமுகம், அல் தகீரா அலையாத்திக் காடு, அல் சுபாரா கோட்டை, நேரம் மிச்சமிருந்தால் ஒரு பாழடைந்த மீனவக் கிராமம் என்று சுற்றிக்காட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குள் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். வண்டியும் பெயரும்தான் மாறும், பாதை ஏறக்குறைய ஒன்றே. நான் போன கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் குறை அந்த ஒரு கம்பெனியிடம் மட்டும் இல்லை, பேக்கேஜைக் கட்டியிருக்கிற விதத்திலேயே இருக்கிறது. ஆளுக்கு முந்நூறு ரியாலுக்குக் கொஞ்சம் குறைவு, லேண்ட் க்ரூஸர், தண்ணீர் பாட்டில், பேரீச்சம்பழம், எங்களோடு இன்னும் ஒரு குடும்பம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வண்டி சுத்தம், ஏசி சரியாக வேலை செய்தது, சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். டிரைவர் ஒரு மலையாளி அண்ணன், தமிழ் சரளமாகவே பேசினார், பல வருஷமாக இந்தப் பாதையில் ஓட்டுகிறவர். கடலோரத்தில் சப்கா எனப்படும் உப்புச் சேற்று நிலம் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவருக்குத் தெரியும். மேலே காய்ந்த பொருக்கு, பார்த்தால் நல்ல தரை மாதிரியே இருக்கும், சக்கரம் ஏறினால் உடைந்து அடியில் ஈரச்சேறு, வண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிடும். அந்த அனுபவத்துக்குக் கொடுத்த காசு வீண் இல்லை.

பிரச்சினை வெளிச்சம். அல் சுபாராவுக்குப் போய்ச் சேரும்போது பத்தரை தாண்டிவிட்டது. நாங்கள் போனது மார்ச் மாதம், அந்த நேரத்துக்கு வெயில் தலைக்கு மேலே ஏறி, வானம் வெளுத்து, கோட்டைச் சுவரும் தரையும் ஒரே சந்தன நிறத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. எங்கே சுவர் முடிகிறது, எங்கே மண் தொடங்குகிறது என்று படத்தில் பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. லென்ஸில் போலரைசர் ஃபில்டர் போட்டும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, காற்றில் தூசி இருந்தால் அதுவும் என்ன செய்யும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, டூரில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. எல்லோரும் போய் நின்று படம் எடுக்கிற அந்தக் கோட்டை 1938-இல் ஷேக் அப்துல்லா பின் ஜாசிம் அல் தானி காலத்தில் கட்டியது. மூன்று மூலையில் வட்டக் கோபுரம், நான்காவது மூலையில் மட்டும் சதுரம், சுவர் ஒரு மீட்டர் தடிப்பு, பார்க்க அழகுதான், ஆனால் 1980-கள் வரைக்கும் கடலோரக் காவலுக்கு இருந்த கட்டடம், அவ்வளவே. 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதற்கு முக்கியக் காரணம் அதற்கும் கடலுக்கும் நடுவில் மண்ணுக்குள் கிடக்கிற பழைய ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் முத்துக்குளிப்பிலும் வியாபாரத்திலும் கொழித்த பட்டணம் அது. 1811-இல் தாக்கி எரித்த பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள் இல்லாமல் போய், மணல் மூடிவிட்டது. மூடியதால்தான் தெருவும் வீடும் முற்றமும் வைத்தது வைத்தபடி கிடைத்திருக்கின்றன. ஊரைச் சுற்றிய மதில் மட்டும் சுமார் இரண்டரை கிலோமீட்டர், உள்ளே 60 ஹெக்டேர், தோண்டியிருப்பதோ அதில் கொஞ்சம்தான். எங்களுக்குக் கிடைத்த நாற்பது நிமிஷத்தில் முப்பது கோட்டைக்குள்ளேயே போய்விட்டது.

அப்புறம் நானே ஒரு சின்ன கார் வாடகைக்கு எடுத்துக்கொண்டு டிசம்பரில் தனியாகப் போனேன், இந்த முறை சாயங்காலம். குளிர்காலத்தில் இங்கே சூரியன் உச்சியிலேயே சரிந்துதான் நிற்கும், மூன்று மணிக்கே நிழல் நீள ஆரம்பித்துவிடும். அந்த வெளிச்சத்தில் சுபாரா பழைய ஊருக்குள் இருக்கும் மத்பஸாவைப் பார்க்க வேண்டும். பேரீச்சம்பழச் சாறு வடிக்கிற சின்ன அறை அது, தரை முழுக்கக் காரைப் பூச்சில் வரிவரியாக வாய்க்கால் போட்டிருப்பார்கள். பழ மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால், பாரத்திலும் சூட்டிலும் சாறு கசிந்து அந்த வரிகள் வழியாக ஓடி, மூலையில் புதைத்திருக்கும் ஜாடியில் போய்ச் சேரும். காலை பதினொரு மணிக்கு அது வெறும் சொரசொரப்பான தரை. மூன்று மணிக்கு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்து, சாறு எந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்பது வரைக்கும் படத்தில் தெரிகிறது.

அல் ஜஸ்ஸாஸியா எங்கள் பேக்கேஜில் இல்லவே இல்லை. என்னைக் கேட்டால் வடக்கு கத்தாரில் கேமராவோடு போக ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அங்கேதான் போகச் சொல்வேன். வடகிழக்குக் கடலோரத்தில் தாழ்வான சுண்ணாம்புப் பாறைகள், அவற்றின் மேல் சுமார் 900 செதுக்கல்கள். 1970-களில் ஒரு டேனிஷ் குழு வந்து முறையாகப் பதிவு செய்தது. எந்தக் காலத்தவை என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆயிரக்கணக்கான வருஷம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள், சிலவற்றைச் சோதித்துப் பார்த்ததில் சில நூறு வருஷத்துக்கு மேல் போகவில்லை என்று வந்திருக்கிறது. பெரும்பாலானவை குழிகள்தான், இரண்டு வரிசையாக, பல்லாங்குழி ஆடக் கூப்பிடுவது போலவே இருக்கும், சிலவற்றை உண்மையிலேயே அப்படி ஒரு ஆட்டத்துக்குத்தான் வெட்டியிருக்கிறார்கள் என்கிறார்கள். படகுகள்தான் எனக்குப் பிடித்தது. மேலிருந்து பார்க்கிற கோணத்தில், நடுவில் நீண்ட உடம்பு, இரண்டு பக்கமும் வரிசையாகத் துடுப்புகள், பார்த்தவுடன் பூரான் என்றுதான் தோன்றும். சிலவற்றின் நுனியில் கயிறும், கயிற்றின் கடைசியில் நங்கூரமும்கூட உண்டு.

எல்லாமே ஆழம் குறைவு. உச்சி வெயிலில் பக்கத்திலேயே நின்றாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், அதனால் நான்கு மணிக்குள் அங்கே இருங்கள், கடைசி அரை மணி நேரம்தான் சரக்கு. கேமரா ஃபிளாஷை நேராக அடித்தால் இருக்கிற நிழலும் செத்துவிடும். வெளிச்சம் போதவில்லை என்றால் கூட வந்தவரிடம் ஒரு டார்ச்சைக் கொடுத்து, பாறை மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். கோடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் போடுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் வேண்டாம், சுண்ணாம்புப் பாறை அது, ஏற்கெனவே காற்றில் கரைந்துகொண்டிருக்கிறது. செதுக்கலின் மேல் ட்ரைபாட் காலை ஊன்றுகிறவர்களையும் பார்த்தேன், என்ன சொல்ல.

அல் ஜுமைல் பற்றியும் சொல்ல வேண்டும், டூரில் கடைசியாக வண்டியை நிறுத்திய கிராமம் அதுதான். “பத்து நிமிஷம் போதுமில்லையா சார்?” என்றார் டிரைவர். போதாது. எண்ணெய்க் காலம் வந்த பிறகு மீனவர்கள் விட்டுவிட்டுப் போன ஊர், கடற்கல்லால் கட்டிய வீடுகள் பாதி சரிந்து கிடக்கின்றன, பள்ளிவாசல் மினாரா மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துப் போனால், கரையிலிருந்து வளைந்து போகும் கல் வரிசைகள் வெளியே தெரியும், ஏற்றத்தில் வரும் மீன் வற்றத்தில் மாட்டிக்கொள்ளும்படி போட்ட பழைய மீன் பொறி. வைட் லென்ஸ் இருந்தால் இங்கே வேலை இருக்கிறது. தரையெங்கும் பானை ஓடும் கண்ணாடிச் சில்லும் கிடக்கும், படம் எடுத்துக்கொள்ளலாம், பாக்கெட்டில் போட்டால் குற்றம்.

அலையாத்திக் காடும் துறைமுகமும் பரவாயில்லை ரகம். ஆனால் அல் கோர் பக்கமே இருக்கிற பர்ப்பிள் தீவில் கடல் நத்தையிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார்கள், அதுவும் கிறிஸ்துவுக்கு ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்பே, நசுக்கிய ஓடுகள் லட்சக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. இதைப் பற்றி வண்டியில் ஒரு வார்த்தை இல்லை, மீன் மார்க்கெட்டில் மட்டும் இருபது நிமிஷம் நின்றோம்.

தனியாகப் போக நினைப்பவர்களுக்கு: அல் ஷமால் ரோடு அருமையான சாலை, சுபாரா வரைக்கும் தார்தான், தோஹாவிலிருந்து சுமார் 105 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 2 ரியாலை ஒட்டித்தான். கடைசிக் கொஞ்ச தூரம் மண் பாதை வரும் இடங்களில், ஏற்கெனவே சக்கரம் பதிந்த தடத்தை விட்டு இறங்காதீர்கள். ட்ரோன் வைத்திருந்தால் அனுமதி வாங்காமல் பறக்கவிட வேண்டாம், பறிமுதலோடு போய்விடும் என்று நினைக்காதீர்கள். ராஸ் லஃபான் எரிவாயு ஆலைகள் பக்கம் கேமராவை உயர்த்தவே உயர்த்தாதீர்கள், ராத்திரி விளக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும்.

விசிட் விசாவில் வந்த அப்பா அம்மாவுக்கு ஊர் சுற்றிக்காட்ட, அல்லது ஒரே நாள் தங்குகிறவர்களுக்கு, காலை டூர் தாராளமாகப் போதும். கேமராவுக்காகப் போகிறவர்கள் அதே காசைக் கொடுத்து வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். அதே கம்பெனிக்கு நான் பிறகு வாட்ஸ்அப்பில் கேட்டேன்: மதியம் பன்னிரண்டரைக்குக் கிளம்பி, துறைமுகத்தையும் காட்டையும் விட்டுவிட்டு, சுபாரா பழைய ஊருக்கு ஒரு மணி நேரம், கடைசியில் ஜஸ்ஸாஸியா என்று போட முடியுமா? நான்கு பேர் சேர்ந்தால் அதே ரேட்டுக்குச் சரி என்று உடனே பதில் வந்தது, இதுவரை யாரும் கேட்டதில்லையாம். அந்த மெசேஜை டிரைவரிடமும் ஏறும்போதே காட்டிவிடுங்கள், இல்லையென்றால் பழக்கதோஷத்தில் வண்டி நேராக மீன் மார்க்கெட்டுக்குத்தான் போகும்.